யார் வீட்டு ஈ?

வௌவாலின் ரோமத்துக்குள் ஒரு வகை ஈ குடியிருக்கிறது. இறக்கை கிடையாது. ஆறு நீளக் கால்களோடு சிலந்தி போல ஓடி, வௌவாலின் ரத்தத்தைக் குடித்துப் பிழைக்கும். அதைப் பிடித்துக் குப்பியில் போட்டு, நுண்ணோக்கியில் பார்த்து, இன்ன இனம் என்று சொல்வதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது. கேட்டால் சிரிப்பீர்கள். கோமதிநாயகத்தின் மனைவியும் முதலில் சிரித்தவர்தான்.

கோமதிநாயகம் கல்லூரி ஆசிரியர். தலை நரைத்த பிறகு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். அவரிடம் படித்தவரே இன்று அவருக்குத் துறைத் தலைவர். அந்த எரிச்சலை விழுங்கிக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போய் வந்தார். வழிகாட்டியாக வாய்த்த பெனிட்டா அவரைவிட வயதில் இளையவர். வௌவால் ஈ விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை.

நாளைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். பல்கலைக்கழகம் இனி அவகாசம் தராது. பெனிட்டாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. காலையிலேயே ஆய்வகத்துக்கு வந்து அவர் எதிரே உட்கார்ந்த கோமதிநாயகம் மதியம் வரை உட்கார்ந்திருக்கிறார். பெனிட்டா பேனாவைத் தொடவே இல்லை.

ஆய்வேட்டின் உயிரே கடைசி அத்தியாயத்தில்தான் இருந்தது. பழந்தின்னி வௌவாலில் மட்டுமே வாழும் என்று எல்லோரும் நம்பிய ஓர் ஈயை, இரு வகையும் தங்கும் ஒரு குகையில் பூச்சி தின்னும் வௌவாலின் மேலும் அவர் கண்டுபிடித்திருந்தார். ஒரே ஓர் ஈ. அதை வைத்து எல்லோர் வாயையும் அடைத்துவிடலாம் என்று நம்பியிருந்தார்.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஈயைத் தப்பா இனம் கண்டுட்டேனா, மேடம்?"

"இல்ல சார். நானும் பார்த்தேன். நீங்க சொன்ன இனமேதான்."

"அப்புறம் என்ன தயக்கம்?"

பெனிட்டா, அந்தப் பூச்சி தின்னும் வௌவாலைப் பிடித்துப் போட்டு வைத்திருந்த துணிப்பை இருக்கிறதா என்று கேட்டார். கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எடுத்துக் கொடுத்தார்.

பெனிட்டா பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பினார். மூலைத் தையலை ஒரு காகிதத்தின் மேல் நகத்தால் சுரண்டினார். காய்ந்த எச்சம் பொடியாக உதிர்ந்தது. அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து வழிவிட்டார்.

கோமதிநாயகம் குனிந்து பார்த்தார். சின்னச் சின்னதாக அத்திப்பழ விதைகள்.

பூச்சி தின்னும் வௌவால் அத்திப்பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த வௌவாலைப் பிடித்த அன்று பைகள் போதவில்லை. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. அவசரத்தில் ஒரு பழந்தின்னியைப் பறக்க விட்டுவிட்டு, அதே பையில் இந்த வௌவாலைப் போட்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"கொஞ்ச நேரந்தான் மேடம் இந்த வௌவால் பையில இருந்துச்சு. அதுக்குள்ள பையில தங்கின ஈ இது மேல ஏறியிருக்குமா?"

"கால் ஆறு இருக்கே சார்."

"இல்ல, நிஜமாவே இது மேலேயே இருந்த ஈயாவும் இருக்கலாமில்ல?"

"இருக்கலாம்."

அந்த ஒரு சொல்லை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார். பையைத் துவைத்துப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்க வாய்வரை வந்தது. பெனிட்டாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் துணிவு வரவில்லை.

"இந்த அத்தியாயம் போனா ஆய்வேடு நிக்காது மேடம். இந்த வயசுல மறுபடியும் குகைக்குள்ள தவழச் சொல்றீங்களா?"

பெனிட்டா குப்பியைத் திறந்து, அதற்குள் ஈயோடு எரிசாராயத்தில் ஊறிக் கிடந்த சீட்டை இடுக்கியால் எடுத்து மேசைமேல் வைத்தார். பென்சிலால் எழுதிய சீட்டு. மேலே ஈயின் பெயர், கீழே வௌவாலின் பெயர். பக்கத்தில் ஓர் அழிப்பானை வைத்தார்.

கோமதிநாயகம் சீட்டு காயும் வரை காத்திருந்து, வௌவாலின் பெயரை அழித்தார். அந்த இடத்தில் பென்சிலை வைத்தவருக்கு மேலே கை ஓடவில்லை.

"எது மேல இருந்ததுன்னு எழுதட்டும், மேடம்?"

"துணிப்பைன்னு எழுதுங்க சார்."