ஒரு சாண் மணல்

கீழே கிடந்த சின்னச் சில்லுத் துண்டை எடுத்து, ஊதி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார் தில்லைநடேசன்.

“பசியா ஐயா?” என்றார் நல்லம்மை.

“சோதனை தாயே. எலும்பா இருந்தா நாக்குல ஒட்டிக்கும். கல்லுன்னா ஒட்டாது.” துண்டு உள்ளங்கையில் விழுந்தது. “கல்லுதான்.”

நல்லம்மை துறவி. வயதில் அவரைவிட ரொம்ப இளையவர். தீட்சை கேட்டு வந்த தொல்லியல்காரர் தில்லைநடேசனிடம், “முதல்ல உங்க ஊரை முழுசாக் காட்டுங்க” என்று சொல்லிவிட்டார்.

விடிந்ததிலிருந்து பழைய துறைமுகப் பட்டினத்தை நடந்தே காட்டிக்கொண்டிருந்தார் தில்லைநடேசன். கடைசியில், கடல் அரித்து ஆள் உயரத்துக்கு அறுத்துவைத்த கரைக்கு வந்தார்கள். மண் அடுக்கடுக்காகத் தெரிந்தது.

“அடியில கறுப்பு மண்ணு. சங்கு அறுத்து வளையல் பண்ணினவங்க காலம். அதுக்கு மேல சோழர் செங்கல். அப்புறம் சீனப் பீங்கான். அதுக்கும் மேல டச்சுக்காரன் சுண்ணாம்பு. அவ்வளவுதான். முடிஞ்சது.”

“அதுக்கு மேல வெளுப்பா, ஒரு சாண்?”

“வெறும் மணல்.”

“எப்ப வந்தது?”

“அதுல ஒண்ணும் கிடைக்காது தாயே. வாங்க, வெயில் ஏறுது.”

நல்லம்மை அந்த மணலுக்குள் விரல்களை விட்டார். நகத்தளவு துண்டொன்றை எடுத்து நீட்டினார்.

பழக்கதோஷம். வாங்கி நாக்கில் வைத்தார்.

ஒட்டிக்கொண்டது.

பிய்த்து எடுத்தார். எத்தனையோ எலும்புகளை வைத்துப் பார்த்த நாக்கு உள்ளே சுருண்டது.

“எந்தக் காலம் ஐயா?”

“கடல்... கடல் ஊருக்குள்ள வந்த அன்னிக்கு.”

“யாரு?”

“நாயா இருக்கும். ஆடா இருக்கும். எனக்கு எப்படித் தெரியும்?” கத்தினார். பிறகு குரல் இறங்கியது. “வீட்டுக்காரி மீன் வாங்கப் போனா தாயே. ஊரே தேடிச்சு. செருப்புகூடக் கிடைக்கல.”

“பேரு?”

அலை வந்து போயிற்று. இன்னொன்றும் வந்து போயிற்று. அன்றைக்குப் பிறகு அவர் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை.

“வேதவல்லி.”

“இப்ப முழுசாக் காட்டிட்டீங்க” என்றார் நல்லம்மை.

விரல் விட்ட இடத்திலிருந்து மணல் பொலபொலவென்று சரிந்துகொண்டிருந்தது. தில்லைநடேசன் அந்த எலும்புத் துண்டைத் திரும்ப மணலுக்குள் வைத்து, சரிவு நிற்கும்வரை அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.