பத்துப் பாகத்துக்குக் கீழ

“ரத்தம் சிவப்பா இருக்குன்னு சண்டைக்கு வர்ற ஆள இப்பத்தான் பாக்கேன்! பொறவு என்ன கலர்ல இருக்கணுங்கீரு? … பொய்யா? யாரு, நானா? உம்ம நெத்தியில கேமராவக் கட்டி கடலுக்கு அனுப்புனதே நான்தான வே. … நீரு பாத்தது வேறயா? அது உம்ம கண்ணு கோளாறு. நாளைக்கு கோயில் ஹால்ல படம் ஓடும், வந்து நல்லாப் பாரும். வைக்கேன்.”

பேச்சி செல்போன மேசையில எறிஞ்சா.

அந்தப் பக்கம் பேசுனது சலேத்து. சங்கு குளிக்கிறவரு. ரெண்டு மாசத்துக்கு முன்னால அவரும் கூட்டாளி கபிரியேலும் ஒண்ணா இறங்குனாங்க. பத்துப் பாகத்துக்குக் கீழ, அதாவது அறுபது அடி ஆழத்துல, பழைய கப்பல் தகரம் ஒண்ணு கபிரியேல் தொடையக் கிழிச்சிருச்சு. பொறவுதான் சலேத்து கவனிச்சு, மேல தூக்கி வள்ளத்துல போடுறதுக்குள்ள உயிரு போச்சு. சலேத்து நெத்தியில இருந்த கேமராவுல எல்லாம் பதிஞ்சிருந்துச்சு. அத வச்சுத்தான் பேச்சியோட மொதப் படம்.

அவளுக்கு, கம்ப்யூட்டர்ல படத்தோட கலரத் திருத்துற வேலை சொல்லிக் குடுக்கறவ ஜெசிந்தா. பேச்சியவிட ஏழு வயசு சின்னவ. அதனால குருவே சிஷ்யைய அக்கான்னுதான் கூப்புடுவா. பேச்சி அவள ‘டீச்சர்’ம்பா. கோவம் வந்தா கொஞ்சம் இழுத்து.

“என்னக்கா சொல்லுதாரு?”

“ரத்தத்த மாத்தணுமாம், டீச்ச்சர்! கேமராவுல அது பச்சைக் கறுப்பா கிடந்துச்சு. ஆழம் போகப் போக தண்ணி சிவப்பத் தின்னுரும்னு நீதான சொன்ன? தின்னத நான் புடுங்கிக் குடுத்திருக்கேன். மூணு நாளா உக்காந்து, அந்தக் கலங்கல மட்டும் தனியா எடுத்து, பிரேம் பிரேமா சிவப்ப ஏத்திருக்கேன். தப்பா?”

ஜெசிந்தா ஜன்னல்ல எட்டிப் பாத்து, கீழ ஜெராக்ஸ் கடை வச்சிருக்க லீலாவக் கூப்புட்டா.

லீலா வந்தா, விரல்லாம் மை. ஜெசிந்தா கலர் ஏத்தாத படத் துண்ட ஓட விட்டா.

“என்ன தெரியுது?”

“ரெண்டு கை சங்கு பொறுக்குது. இப்ப அந்தாளு திரும்பிப் பாக்காரு. அங்க இன்னொருத்தர் குனிஞ்சு நிக்காரு, பக்கத்துல பாசி கலங்கிக் கிடக்கு. மறுபடியும் சங்கு. இதுக்கா மாடி ஏற வச்ச? கடையில ஆள் நிக்கி.”

அடுத்து, பேச்சி கலர் ஏத்துன துண்டு.

லீலா வாயப் பொத்துனா.

“யாத்தே, அது ரத்தம்லா! பாத்துட்டுத் திரும்பிக்கிட்டான் பாரு. சங்குதான் பெருசாப் போச்சாக்கும். இவன்லாம் மனுசனா?”

அவ திட்டுனது கடைசிப் படி வரைக்கும் கேட்டுச்சு.

பேச்சி விடல.

“சரி, ரத்தம் சிவப்புத்தான? பச்சையாக் காட்டுனா ஊரு சிரிக்காது? நான் என்ன இல்லாததையா போட்டேன்?”

“இல்லக்கா. கபிரியேல் தொடையில இருந்ததத்தான் போட்டீங்க.”

“அப்புறம் என்ன?”

“கேமரா இருந்தது சலேத்தண்ணன் நெத்தியில.”

“சுத்தி வளைக்காத. மாத்தணுமா, வேண்டாமா? ஒத்த வார்த்தையில சொல்லு.”

ஜெசிந்தா எந்திரிச்சு, நாற்காலிய பேச்சி பக்கம் தள்ளுனா.

“ஒங்க படம், ஒங்க இஷ்டம். ஆனா நாளைக்குப் படம் முடிஞ்சதும் கபிரியேல் வீட்டுக்காரி எந்திரிச்சு, ‘பாத்துட்டுத்தான திரும்புனீரு?’ன்னு சலேத்தண்ணனக் கேப்பா. அவருக்கு வாய் வராது. மைக்க நீங்க வாங்குங்க. அவ மூஞ்சியப் பாத்து, ஹால்ல அத்தன பேருக்கும் கேக்குற மாதிரி, நீங்க பதில் சொல்லுங்க.”