நகரத்தைக் கூட்டி வாரும்!

வெகு காலத்துக்கு முன்னே நெடுமதிலூர் என்ற பட்டணத்தைச் சிங்கவளவன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். அரியணையில் அரை நாழிகை சேர்ந்தாற்போல உட்காரமாட்டான். ஒரு பக்கம் வழக்கு நடக்கும், இவன் தூணுக்குத் தூண் நடப்பான். காலையில் போட்ட உத்தரவை மத்தியானம் மாற்றுவான். அந்த வருஷம் ஐப்பசி மழை வேறு விடாமல் கொட்டியது. ராஜாவுக்கு இருப்பே கொள்ளவில்லை.

மதில், வாய்க்கால், சுங்கம், தெரு வழக்கு எல்லாம் நகரசபையின் பொறுப்பு. அதற்குத் தலைவர் அனந்தராயர். சட்டமெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் மந்திரி குன்றனாரைக் கண்டால் மட்டும் ஆகாது. ராஜா யோசனை கேட்கிறபோதெல்லாம் அந்த மனுஷர் பக்கமே திரும்புகிறானே என்று வயிற்றெரிச்சல்.

அந்த மழையில் வடக்கு மதிலில் ஒரு பாகம் இடிந்து, குயவர் தெருக் காத்தாயி வீட்டின்மேல் விழுந்தது. சூளை நொறுங்கியது, புருஷன் கால் முறிந்தது. நனைந்த சேலையோடு அவள் சபைக்கு வந்து நின்றாள்.

“மகாராசா, மதில்ல விரிசல் விட்டிருக்குன்னு நகரசபையில மூணு தரம் சொன்னேன். ஒருத்தரும் வரல. இப்ப மிச்ச மதிலும் சாஞ்சுக்கிட்டு நிக்குது. அதுக்குக் கீழே இன்னும் பதினோரு வீடு இருக்கு. நகரம்தான் எனக்கு நட்டஈடு தரணும், மதிலையும் பாக்கணும்.”

அனந்தராயர் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “அரசே, இது செல்லாத வழக்கு. ஆள்மீதுதான் வழக்குப் போடமுடியும். நகரம் ஓர் ஆளா? பதில் சொல்ல அதற்கு வாய் உண்டா? பணம் கொடுக்கக் கை உண்டா?”

“மதில் யாருது சாமி?”

“நகரத்தினுடையது.”

“ஆளே இல்லாததுக்கு மதில் எப்படிச் சொந்தமாச்சு?”

சபையில் சிரிப்பு எழுந்தது. ராயர் முகம் சிவந்தது.

குன்றனார் குறுக்கிட்டார். “அரசே, முதலில் மதிலுக்கு முட்டுக் கொடுக்க ஆளனுப்புவோம். வழக்கை அப்புறம் பேசலாம்.”

“முட்டுக் கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்!” என்றார் ராயர்.

நடந்துகொண்டிருந்த ராஜா சட்டென்று நின்றான். “தலை வலிக்கிறது! மந்திரியாரே, நாளை உச்சிப்பொழுதுக்குள் அந்த நகரத்தை என் முன்னால் கூட்டி வாரும். வந்தால் வழக்கை விசாரிக்கிறேன். வராவிட்டால் உம்முடைய பதவி ராயருக்கு!”

அன்று சாயங்காலம் குன்றனார் குயவர் தெருவுக்குப் போனார். விரிசலுக்குள் அவர் கை முழுதாக நுழைந்தது. கிழவர்களையும் குழந்தைகளையும் தம் வீட்டுக்கு அனுப்பினார். மற்றவர்கள் பண்ட பாத்திரத்தை விட்டு அசையமாட்டோம் என்றார்கள்.

“நாளைக்கு நகரத்தைக் கூட்டிக்கிட்டு வந்துருவீங்களா அய்யா?” என்றாள் காத்தாயி.

“தெரியவில்லை அம்மா,” என்றார் அவர். உண்மையிலேயே அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

விடிந்ததும் பதைபதைப்போடு வடக்கு வாசலுக்கு வந்தார். வெற்றிலை வண்டி ஒன்றைச் சுங்கக்காரன் மறித்துக்கொண்டு நின்றான். “நகரத்துக்குச் சேரவேண்டிய சுங்கம், எடு!”

குன்றனார் கண்கள் பளிச்சிட்டன. வண்டிக்காரனை அழைத்தார். “நகரத்துக்குக் கையே இல்லை என்று நேற்று ராயர் சபையில் சொன்னாரப்பா. நகரத்தின் கை எது என்று காட்டினால் கொடு. காட்டாவிட்டால் வண்டியை ஓட்டு.”

வண்டிக்காரன் விட்டான் பார் ஒரு சிரிப்பு! அந்தச் சேதி நாலு வாசலுக்கும் பறந்தது. உப்பு வண்டிக்காரன் கேட்டான், “கை எங்கே?” எண்ணெய்ச் செட்டியும் அதையே கேட்டார். சுங்கக்காரர்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள்.

உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் அனந்தராயர் மூச்சிரைக்கச் சபைக்கு ஓடிவந்தார். “அரசே! சுங்கமெல்லாம் போயிற்று! எல்லாம் இந்த மந்திரி செய்த வேலை. இவர்மீது வழக்குத் தொடுக்கிறேன்!”

குன்றனார் மெதுவாகக் கேட்டார். “தொடுப்பது நீரா, நகரமா?”

“எனக்கென்ன நஷ்டம்? நகரம்தான் வாதி. அதன் வாயாக நான் பேசுகிறேன்.”

“சுங்கம் கிடைத்தால் யார் வாங்கிக்கொள்வது?”

“நான்தான்! என் கைதானே நகரத்தின் கை!”

குன்றனார் ராஜாவை வணங்கினார். “அரசே, நகரம் வந்துவிட்டது. வாயோடும் கையோடும் தன் காலாலேயே ஓடிவந்து நிற்கிறது. வாதியாக நிற்கத் தெரிந்தது, பிரதிவாதியாகவும் நிற்கட்டும். காத்தாயி, உன் வழக்கைச் சொல்லம்மா.”

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

காத்தாயி சிரிக்கவில்லை. “வழக்கு கெடக்கட்டும் மகாராசா. மொதல்ல அந்தப் பதினோரு வீட்டையும் காலி பண்ணச் சொல்லுங்க.”

ராஜாவின் சிரிப்பு நின்றது. குடையைக்கூட எதிர்பார்க்காமல் மழையில் இறங்கி ஓடினான். பின்னால் காவலர்களும் மந்திரியும் ராயரும் ஓடினார்கள். பானையும் பாயும் ஆடுமாடுமாகத் தெருவே வெளியேறியது. கடைசி வீட்டுக் கதவைத் தாண்டி ஆட்கள் நூறு அடி வந்திருக்கமாட்டார்கள், மதில் பெருமூச்சுப் போல ஒரு சத்தத்தோடு சரிந்தது. பதினோரு வீடும் சேற்றுக்குள் போயின. ஆட்களை எண்ணினார்கள். ஒருவரும் குறையவில்லை.

ராஜா ராயர் பக்கம் திரும்பினான். “ராயரே, இடிபாடு அகலும்வரை நகரத்தின் கை இங்கேதான் வேலை செய்யவேண்டும். மண்வெட்டியை எடும்! சுங்கத்தை இன்றே வசூலித்து இத்தனை வீட்டையும் நகரசபை கட்டித்தரட்டும். காத்தாயிக்குச் சூளையும் வைத்தியச் செலவும் சேர்த்து.”

கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குன்றனாருக்குப் போட்டான். “இன்னும் என்ன வேண்டும், கேளும்.”

“நகரசபைமேல் எந்தக் குடியும் வழக்குப் போடலாம் என்று எழுதித் தாருங்கள் அரசே. மத்தியானத்துக்குள் மாற்றாமல்!”

ராஜா வெட்கத்தோடு சிரித்தபடி அங்கேயே ஓலையில் எழுதி முத்திரை வைத்தான்.

தை பிறந்தபோது காத்தாயியின் புருஷன் கோலூன்றி நடந்தான். புதுச்சூளையில் சுட்ட முதல் பானையை வாங்க அனந்தராயரே வந்தார். உள்ளங்கையில் கொப்புளத் தழும்பு இன்னும் மறையவில்லை. காத்தாயி சொன்ன விலை கொஞ்சம் அதிகம்தான். அவர் வாயே திறக்காமல் கொடுத்துவிட்டுப் போனார்.