அணிலின் மூன்று தேக்கிலைக் கணக்கு

மழை இன்னும் இறங்காத ஒரு காட்டில், அணில் ஒன்று கம்பெனி நடத்தி வந்தது. தினைமாவையும் தேனையும் பிசைந்து உருண்டை பிடித்து விற்கும் கம்பெனி. அந்தக் காட்டில் வாதாங்கொட்டைதான் காசு. ஓர் உருண்டைக்கு ஒரு கொட்டை.

அணில் சுறுசுறுப்பானது. பொய் பேசாது. ஆனால் மகா மறதி!

வருடம் முடிந்ததும் அணில் மூன்று தேக்கிலைகளில் கணக்கு எழுதியது. மருத மரத்தடியில் எல்லாரையும் கூட்டி, முதல் இலையை உயர்த்திப் பிடித்தது.

"விற்றது ஐந்நூறு கொட்டைக்கு! செலவு இருநூற்றைம்பது! லாபம் இருநூற்றைம்பது! புதுப் பங்குதாரர்கள் வரலாம்!"

ஒரே கைதட்டல். முயல் குதித்தது. மான் துள்ளியது. பிள்ளைகளே, மற்ற இரண்டு இலைகளும் அங்கேயே, கண்ணெதிரே கிடந்தன. அவற்றை ஒருவராவது எடுத்துப் பார்த்தார்களா? ஒருவர்கூட இல்லை!

கூட்டத்தில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அது யாரையும் எளிதில் நம்பிவிடும். அதற்கு இரண்டு குட்டிகள். மழைக்காலத்துக்கென்று நாற்பது வள்ளிக்கிழங்கு சேர்த்து வைத்திருந்தது. அவ்வளவுதான் அதன் சொத்து.

"அணில் தம்பி, என் நாற்பது கிழங்கையும் எடுத்துக்கொள். என்னையும் பங்காளியாகச் சேர்த்துக்கொள்" என்றது.

"வாருங்கள் அக்கா, வாருங்கள்!" என்று அணில் ஓடி வந்து, கட்டிக்கொள்ளப் போய், முட்களைப் பார்த்துச் சட்டென்று நின்றது.

"கொஞ்சம் பொறுங்கள்!" என்று மரக்கிளையிலிருந்து ஒரு குரல். தவிட்டுக்குருவி! கேள்வி கேட்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. "மற்ற இரண்டு இலையிலும் என்ன எழுதியிருக்கிறது?"

"ஆரம்பித்துவிட்டாளா?" என்று முயல் அலுத்துக்கொண்டது. "நல்ல காரியம் நடக்கும்போது வாயை வைக்காதே அம்மா."

"நல்ல காரியம் என்றால் நாலு கேள்வியைத் தாங்காதா முயலாரே? அணிலாரே, படியும்!"

அணில் கள்ளமில்லாமல் சிரித்தது. "படித்தால் போச்சு. இரண்டாவது இலை, சொத்தும் கடனும். சொத்து: முந்திய வருடங்களில் மண்ணில் புதைத்து வைத்த கொட்டை ஐந்நூறு. குரங்குகள் தர வேண்டியது நானூற்று எண்பது. கடன்: தினை கொடுத்த எலிகளுக்கு நாம் தர வேண்டியது இருநூறு. முதல் மழைக்குள் தர வேண்டும்."

"மூன்றாவது?"

"கைக்கு வந்ததும் போனதும். வந்தது இருபது. தேனீக்களுக்குக் கொடுத்தது ஐம்பது."

"என்ன? ஐந்நூறுக்கு விற்று, வந்தது இருபதா?"

"குரங்குகள் நாளைக்குத் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்களே!"

"எப்போது சொன்னார்கள்?"

"தினமும் சொல்கிறார்கள். பாவம், மறக்காமல் சொல்கிறார்கள்."

மரத்தின் உச்சியில் ஒரு குரங்கு மெல்ல இலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டது.

"சரி, மண்ணில் ஐந்நூறு இருக்கிறதே. எங்கே புதைத்தீர்?"

"காட்டில்தான்."

"காட்டில் எங்கே?"

அணில் தலையைச் சொறிந்தது. வாலைச் சொறிந்தது. "ஒரு... பாறைக்குப் பக்கத்தில்."

"இந்தக் காட்டில் பாறைக்கா பஞ்சம்!" என்று குருவி சிறகடித்தது. "அக்கா, கேட்டுக்கொள்ளுங்கள். கையில் கொட்டை இல்லை. எலிகளோ முதல் மழைக்கு வந்து நிற்கும். அப்போது அணிலார் எதை எடுத்துக் கொடுப்பார்?"

முள்ளம்பன்றியின் முட்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

"என் கிழங்கையா?"

அணிலின் கண் கலங்கிவிட்டது. "நான் ஏமாற்றவில்லை அக்கா! எல்லாவற்றையும் எழுதித்தானே வைத்திருக்கிறேன்!"

"எழுதியிருக்கிறீர். அதற்காகவே உம்மேல் எனக்குக் கோபம் வர மாட்டேன் என்கிறது" என்றது குருவி. "எனக்குக் கோபமெல்லாம் ஓர் இலையைக் கேட்டுவிட்டுக் கைதட்டியவர்கள்மேல்தான்!"

முயல் தன் காதுகளை மடக்கிக்கொண்டது.

முள்ளம்பன்றி அணிலின் அருகே வந்தது. பிறகு, "தம்பி, கிழங்கு இப்போது கிடையாது. வா, தோண்டுவோம். கிடைப்பதை எண்ணி எழுது" என்றது.

எல்லாருமாகக் கிளம்பி மூன்று நாள் தோண்டினார்கள். தோண்டிய இடத்திலெல்லாம் வாதாங்கன்றுகள் முளைத்து நின்றன. கொட்டையாகக் கிடைத்தவை நூற்றுப் பன்னிரண்டு. அணில் ஐந்நூறை அடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியது.

குரங்குகளிடமும் போனார்கள். "நாளைக்கு" என்றன குரங்குகள்.

முதல் மழை விழுந்த அன்று எலிகள் வரிசையாக வந்து நின்றன. அணில் தன்னிடமிருந்த நூற்றுப் பன்னிரண்டையும் எண்ணிக் கொடுத்து, மீதிக்குத் தவணை கேட்டது. எலிகள் முணுமுணுத்தன. ஆனாலும் ஒப்புக்கொண்டன.

மழை பத்தொன்பது நாள் விடாமல் பெய்தது. முள்ளம்பன்றியின் வளையில் குட்டிகள் இரண்டும் கிழங்கைக் கடித்துக்கொண்டு, வயிறு முட்ட உறங்கின.

இருபதாம் நாள் காலை, வளை வாசலில் ஒரு நனைந்த வால் தெரிந்தது.

"யாரது, தம்பியா? உள்ளே வா. முள்ளைப் பார்த்து வா!"

அணில் ஒடுங்கி உட்கார்ந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. முள்ளம்பன்றி இருந்ததிலேயே பெரிய கிழங்கை எடுத்து அதன் முன்னே உருட்டிவிட்டது.

அணில் கிழங்கைப் பார்த்தது, அக்காவைப் பார்த்தது. பிறகு தயங்கித் தயங்கி, "இதை எந்த இலையில் எழுதட்டும் அக்கா? கடனிலா?" என்று கேட்டது.

"எதிலும் எழுதாதே. தின்னு."

நீதி: லாபம் எவ்வளவு என்று கேட்டு மயங்காதே; கைக்கு வந்தது எவ்வளவு, கடன் எவ்வளவு, சொத்து என்பது உண்மையில் இருக்கிறதா என்று முழுக்கணக்கையும் படித்த பிறகே உன் பொருளைக் கொடு.