பேஜாருக்கு அர்த்தம் கேட்ட ராஜா

வெகு காலத்துக்கு முன்னால் பாலாற்றங்கரையில் வேம்பூர் என்றொரு ராஜ்யம். அதை ஆண்ட வீரகஜபதி ராஜாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் நடப்பார்.

அன்று சபையில் நாகஸ்வரக்காரர் மூக்கையா தோடியை ஆரம்பித்தார்.

"நிறுத்தும்! கல்யாணி வாசியும்" என்றார் ராஜா. கல்யாணியை எடுத்ததும், "வேண்டாம், மோகனம்!" மோகனம் பாதி போகையில், "தோடி என்ன ஆயிற்று?"

வியர்த்துப்போன மூக்கையா வாத்தியத்தை இறக்கி, "பெரிய பேஜாராப் போச்சே" என்று முனகிவிட்டார்.

ராஜா காதில் விழுந்துவிட்டது. "அது என்ன வார்த்தை?"

மூக்கையாவுக்கு விழும் சால்வைகளைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தவர் ஆஸ்தானப் புலவர் வாகீசர். துள்ளி எழுந்தார். "பாரசீகச் சொல், மகாராஜா! உங்களை வெறுக்கிறானாம். ராஜத்துரோகம்!"

"நாகஸ்வரத்தை உடையுங்கள்! இவனை எல்லைக்கு அப்பால் விரட்டுங்கள்!" என்று உத்தரவிட்டார் ராஜா.

மூக்கையா வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். மந்திரி மங்கலநாதர் குறுக்கே வந்தார். "விசாரித்துவிட்டுத் தண்டிக்கலாமே, மகாராஜா."

ராஜா தலையசைத்ததும், அந்த வார்த்தை தெரிந்த ஆட்களைச் சந்தையிலிருந்து மந்திரி வரவழைத்தார். பாரசீகக் குதிரை வியாபாரி, "வெறுத்துப்போனவனைச் சொல்வோம்" என்றார். வாகீசர் மீசையை முறுக்கினார்.

கன்னடத்துப் பட்டு வியாபாரி சிரித்தார். "எங்களுக்கு அது மனவருத்தம், சலிப்பு. பெண்டாட்டி கோபித்துக்கொண்டால் 'பேஜாரு மாட்கோபேடா', வருத்தப்படாதே என்றுதான் கெஞ்சுவேன்."

"தொல்லைப்பட்டு அலுத்துப்போவது" என்றான் வாசலில் காவல் நின்ற மராட்டிய ஈட்டி வீரன்.

"நம் ஊர் ஜனங்களையும் கேட்டுவிடலாம்" என்று வெற்றிலைக்காரரைக் கூப்பிட்டார் மந்திரி. "உம் பெயர்? தகப்பனார் பெயர்? அவருக்குத் தகப்பனார்? கொடிக்கால் எந்த ஊரில்?" விசாரணை இழுத்துக்கொண்டே போனது. ராஜா நடந்தார், உட்கார்ந்தார், கிரீடத்தைக் கழற்றினார், மாட்டினார். கடைசியில் கத்தியேவிட்டார்.

"யோவ் மந்திரி! ஒரே பேஜாரா இருக்கு, சீக்கிரம் முடியுமய்யா!"

மந்திரி கைகூப்பினார். "புலவர் அர்த்தப்படி மகாராஜா என்னை வெறுக்கிறீர்கள். எல்லைக்கு அப்பால் போய்விடட்டுமா?"

"உம்மை யாரய்யா வெறுத்தது? உயிரை வாங்குகிறீரே, அதைச் சொன்னேன்."

"மூக்கையாவும் அதைத்தான் சொன்னார், மகாராஜா."

ராஜாவின் முகம் கறுத்தது. பிறகு மெல்லச் சிவந்தது. இறங்கி வந்து, "மூக்கையா, நான் அவ்வளவு படுத்திவிட்டேனா?" என்றார்.

"கொஞ்சம்தான், மகாராஜா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தம் தோளில் கிடந்த சரிகைச் சால்வையை மூக்கையாவுக்குப் போர்த்தினார். வாகீசரைப் பார்த்து, "பாதி அர்த்தத்தை வைத்துக்கொண்டு ஒருவன் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தீரே! சந்தையில் போய் உட்காரும். ஜனங்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வாரும்" என்றார். வாகீசர் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார்.

அன்று என்ன வாசிப்பது என்பதை மூக்கையாவே தீர்மானித்தார். ராஜா உட்கார்ந்து கேட்டார்.