வக்கீலம்மா பூட்டிய கட்டு

வழக்கு நடக்கும்வரை வக்கீல்தான் தெய்வம். தீர்ப்பு வந்த மறுநாள் அவர் யாரோ, எவரோ. தில்லைநாயகிக்கு இது விளங்கியபோது வயது ஐம்பது.

வேலுமயிலின் நான்கு ஏக்கர் நிலம் புறவழிச்சாலைக்குப் போயிற்று. அரசாங்கம் கொடுத்த இழப்பீடு யானைப் பசிக்குச் சோளப்பொரி. கூட்டித் தரச் சொல்லி அவருக்காகத் தில்லைநாயகி வழக்காடினாள். ஒன்பது வருடம், நூற்றுப் பதினொரு வாய்தா. பணம் வந்ததும் ஒன்றரை லட்சம் தருவதாகச் சொன்னார், நம்பினாள்.

வந்தது அறுபது லட்சம். மாடி வீடு எழும்பியது. கிரகப்பிரவேசத்துக்கு அவளை அழைத்து, வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டு, தாம்பூலப் பையும் கொடுத்தனுப்பினார். ஃபீஸைக் கேட்டபோதுதான் சிரித்தார்.

"தீர்ப்பு எழுதினது ஜட்ஜு. நீங்க வெறும் பேச்சுதானேம்மா பேசினீங்க?"

 அவள் காய்ச்சலோடு கோர்ட்டில் போய் நின்ற நாட்களெல்லாம் வெறும் பேச்சா?

அரசாங்கம் மதுரை ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனது. வேலுமயில் அங்கே வேறு வக்கீலை வைத்துக்கொண்டு, தன் பத்திரங்களைக் கேட்டு வந்தார். திங்கட்கிழமை அவற்றைக் காட்டாவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்.

ஃபீஸ் பாக்கி இருந்தால் கட்சிக்காரரின் பத்திரக் கட்டு வெளியே போகாது என்பது அந்தக் கோர்ட் வளாகத்து வழக்கம். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்வார்கள். தில்லைநாயகியும் கட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"பணத்தை வைங்க, கட்டை எடுங்க."

அதோடு ஆத்திரம் அடங்கவில்லை. ஃபீஸைக் கேட்டு அவர்மேல் வழக்குப் போட மனுவும் எழுதிவிட்டாள். சங்கத்து வக்கீல்கள் பதறிப்போனார்கள். "கட்சிக்காரன் மேல வக்கீலே கேஸ் போடறதா? கேவலம்மா! நாளைக்கு உங்க படி யாரு ஏறுவா? கட்டை இறுக்கிப் பிடிங்க, தானா வருவான்."

அவள் தன் பழைய சீனியர் சவரிமுத்துவிடம் போனாள். தொழில் கற்றது அவரிடம்தான்.

"சார், நான் கேஸ் போடறது கேவலமா?"

சவரிமுத்து மனுவை முழுவதும் படித்தார்.

"அவர் கட்டு எங்க இருக்கு?"

"என் பீரோவுல."

"சாவி?"

கொடுத்தாள். சாவி கைமாறியதும் அவர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"அவரை உன் ஆபீசுக்கு வரச் சொல்லு."

வேலுமயில் சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார். சவரிமுத்து பீரோவைத் திறந்து, கட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க."

தில்லைநாயகிக்குக் காதெல்லாம் சுட்டது. ஒன்பது வருட உழைப்புக்கு மிச்சமிருந்த ஒரே பிடி அது. அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டாரே மனுஷன்! சீனியர் என்ற மரியாதைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வேலுமயில் எச்சில் தொட்டுத் தாள்களைப் புரட்டினார். "எல்லாம் இருக்கு. நியாயம் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான் சார்."

"ரசீது ஒண்ணு வேணும்," என்று சொல்லிவிட்டு சவரிமுத்து எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். "ஒன்பது வருஷம், நூத்துப் பதினொரு வாய்தா எனக்காக ஆஜரான வக்கீல் தில்லைநாயகியிடமிருந்து என் பத்திரங்கள் முழுவதையும் பெற்றுக்கொண்டேன்."

"இதுல ஏதாவது பொய் இருக்கா?" என்று வேலுமயிலிடம் கேட்டார்.

"பொய் என்ன சார்? நூத்துப் பதினொண்ணுக்கும் நானும்தானே கூட நின்னேன்!" வேலுமயில் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். தில்லைநாயகியிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அவள் வெடித்தாள்.

"இனிமே அந்த ஆளு என் முகத்துல முழிப்பானா? எனக்கு இருந்ததே அது ஒண்ணுதான். அதை எப்படி சார் கொடுக்க மனசு வந்தது?"

"உன்னோடதா இருந்தா கொடுத்திருக்க மாட்டேன்."

"அப்போ அவன் சொன்னதுதான் சரியா? வெறும் பேச்சுக்குக் கூலி கேக்கக்கூடாது, அதானே? ஒன்பது வருஷம் சார்! அவன் வீட்டு மாடிப்படி ஒவ்வொண்ணும் என் தொண்டைத் தண்ணி. நான் வாயை மூடிக்கிட்டுப் போகணுமா?"

"யாரு போகச் சொன்னா?"

அவருடைய குரலும் உயர்ந்திருந்தது. இருபத்தைந்து வருடத்தில் அவர் சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. ரசீதை எடுத்து அவளுடைய மனுவோடு வைத்து ஊசி குத்தினார்.

"அவரோடது அவர்கிட்ட போயாச்சு. இனி உன்னோடதைக் கேப்போம். வக்காலத்துப் படிவம் ஒண்ணு எடு."

எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. தன் பேனாவைத் திறந்து அவளிடம் கொடுத்தார்.

"வக்கீல்னு இருக்கற இடத்துல என் பேரை எழுது. கட்சிக்காரர்னு இருக்கற இடத்துல உன் பேரை எழுது."