திரியைச் சுருக்கியவள்

அந்தக் காலத்தில் விலங்குகளும் மனிதர்களும் ஒரே மொழியில் வாயாடிக்கொண்டிருந்தார்கள். கேட்டால் விளக்குகள்கூடப் பதில் சொல்லும். இமயத்தில், மரம் முளைக்காத உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கு. அதன் ஒரு மேட்டில் தேவி கோயிலும் எதிர்மேட்டில் புத்த மடாலயமும் இருந்தன. நடுவிலிருந்த புல்வெளியில் வளை தோண்டி வாழ்ந்தாள் யாங்சி. இன்று நாம் மர்மோட் என்கிறோமே, பூனையளவு பருத்த மலை அணில், அந்த இனம். குளிர்காலத்திலும் அவை அப்போது விழித்தே இருந்தன. விழித்திருந்து பசியால் செத்தன. சென்ற பனியில் யாங்சி இரண்டு தங்கைகளைப் பறிகொடுத்திருந்தாள்.

ஆறு மாதப் பனியை எவரும் தீனி போடாமல் தாண்டுவது, அவளுக்குத் தெரிந்து, கோயில் விளக்கு ஒன்றுதான். பனிக்கு முன் லாமா நொர்பு மடாலயத்திலிருந்து ஒரு குடம் நெய் கொண்டுவருவார். பூசாரி லீலாதர் அதை ஊற்றி விளக்கேற்றி நடையைச் சாத்துவார். வசந்தத்தில் திறந்தால் சுடர் அப்படியே இருக்கும்.

“உள்ளே நெய் ஊற்றுவது யார், சாமி?” என்று யாங்சி கேட்டாள்.

“தேவர்கள்.”

“நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?”

“கேட்கிற கேள்வியைப் பார். போய்ப் புல்லைக் கடி.”

லாமா சிரித்தார். “நாற்பது வருடமாக நானும் இதையேதான் கேட்கிறேன். என்னையும் புல்லைத்தான் கடிக்கச் சொல்கிறார்.”

அந்த ஆண்டு நடை சாத்தும்போது, கூட்டத்தின் கால்களுக்கிடையே நுழைந்து முரசின் பின்னால் ஒளிந்துகொண்டாள் யாங்சி. இரை எதுவும் எடுத்துச் செல்லவில்லை. தேவர்கள் வெறுங்கையோடா வருவார்கள் என்று நினைத்துவிட்டாள்.

எவரும் வரவில்லை. படையலில் மிஞ்சிய பார்லி இரண்டு நாளில் தீர்ந்தது. கதவைப் பிறாண்டிப் பார்த்தாள். வெளியே பனி சுவராக நின்றது. ஒன்பதாம் நாள் விளக்கருகே போய் நெய்யில் மூக்கை வைத்தாள்.

“குடித்தால் நீ அணைந்துவிடுவாய். குடிக்காவிட்டால் நான் செத்துவிடுவேன்,” என்றாள்.

“குடித்தாலும் உனக்குப் பத்து நாள்தான்,” என்றது விளக்கு.

“அப்படியானால் தேவர்கள் எப்போது வருவார்கள்?”

“ஒருவரும் வருவதில்லை. கதவு சாத்தியதும் திரியை உள்ளே இழுத்துக்கொண்டு கடுகளவு எரிவேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் நிமிர்ந்துகொள்வேன். உன் வயிற்றிலும்தான் கோடைக்காலக் கொழுப்பு இருக்கிறதே. நீயும் சுருக்கிக்கொள்.”

“அவ்வளவுதானா?”

“சுருக்கினால் எல்லாமே சுருங்கும். அதில் எது திரும்ப வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.”

யாங்சி தங்கைகளை நினைத்தாள். வாலை முகத்தில் சுற்றிக்கொண்டு சுருண்டாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே ஒரு சுள்ளி எரிந்து முடியும் நேரம் போயிற்று. நெஞ்சும் மெல்ல அடங்கியது.

தாழ்ப்பாள் சத்தத்தில் விளக்கு நிமிர்ந்தது, யாங்சியும் விழித்தாள். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு.

“தேவர்கள் வந்தார்கள், அல்லவா?” என்றார் லீலாதர், கூட்டத்துக்குக் கேட்கும்படி.

யாங்சி பின்னங்கால்களில் எழுந்து நின்றாள். முன்கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். வாயிலிருந்து வந்தது சீழ்க்கை மட்டும்தான். சுருங்கியவற்றில் குரல் திரும்பவில்லை. அவள் தேவியைக் கும்பிடுகிறாள் என்று எண்ணிக் கூட்டமும் கைகூப்பியது.

லாமா மட்டும் குனிந்து கேட்டார்: “ஊற்றியது யார்?”

மீண்டும் சீழ்க்கை.

“சரியாய்ப் போயிற்று. தெரிந்தவளுக்குப் பேச்சு வரவில்லை, பேசுகிறவருக்குத் தெரியவில்லை,” என்று சொல்லி, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

தன் இனத்துக்குச் சொல்ல அவளுக்குப் பேச்சு தேவைப்படவில்லை. அடுத்த பனியின் முதல் நாளில் வளைக்குள் சுருண்டு காட்டினாள். மற்றவையும் பார்த்துச் சுருண்டன. அந்தக் குளிரில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால் எழுந்தபோது அவற்றுக்கும் சீழ்க்கை மட்டுமே மிஞ்சியிருந்தது.

அன்று முதல்தான் மர்மோட்டுகள் நடை சாத்தும் காலத்தில் உறங்கி, நடை திறக்கும் காலத்தில் எழுகின்றன. மலைப்பாதையில் யாத்திரிகரைக் கண்டால் எழுந்து நின்று, கைகளைச் சேர்த்துச் சீழ்க்கையடிக்கின்றன. நாமும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடக்கிறோம். ஒருவரும் வருவதில்லை என்று அவை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.